அருட்சகோதரிகள் ஆய்வு

அருட்சகோதரிகள் ஆய்வு என்பது அமெரிக்காவில் உள்ள நாட்டர் டாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 கத்தோலிக்கக் கன்னியர் பங்கேற்ற நீண்டகால மருத்துவ ஆய்வு ஆகும். முதுமையில் மூளைக்கு என்ன நேர்கிறது, அல்சைமர் நோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை, அதை எவ்வளவு காலம் முன்பே அறிய முடியும் என்பவை இவ்வாய்வு எழுப்பிய வினாக்கள். நோய்ப்பரவலியல் அறிஞர் டேவிட் ஸ்னோடன் 1986-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதனைச் சிறிய அளவில் தொடங்கினார். 1990-இல் அவர் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது ஆய்வும் அங்கே சென்று விரிவடைந்தது. பங்கேற்ற ஒவ்வொரு சகோதரியும், உயிரோடு இருக்கும்வரை ஏறத்தாழ ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்படவும், இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு வழங்கவும் ஒப்புக்கொண்டிருந்தார். மறதிநோய் பற்றிய ஆராய்ச்சி வரலாற்றில் இவ்வளவு ஒத்த வாழ்க்கை முறை கொண்ட ஒரு பெருங்குழு, இவ்வளவு முழுமையாகத் தன்னை ஒப்படைத்தது அரிது.

முன்வரலாறு

ஜெர்மனியின் பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் 1901-இல் அகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906-இல் அப்பெண் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர், நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழை முடிச்சுகளையும் கண்டு, அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரக் கூட்டத்தில் விளக்கினார். 1910-இல் எமில் கிரெப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். திட்டுகள் அமிலாய்டு என்னும் புரதத்தால் ஆனவை, முடிச்சுகள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை என்பது 1980-களில் தெரியவந்தது.

அரை நூற்றாண்டுக்கு மேல் இது நடுவயதினருக்கு வரும் அரிய நோயாகவே கருதப்பட்டது. முதியோருக்கு வரும் மறதி வயதின் இயல்பு, இரத்தக்குழாய் தடிப்பதன் விளைவு என்று ஒதுக்கப்பட்டது. இங்கிலாந்தின் நியூகாசிலில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் ஆகிய மூவரும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு, மறதி மிகுந்த முதியோரின் மூளையில் திட்டுகளும் மிகுந்திருப்பதைக் காட்டியது. 'வயதானால் வரும் மறதி' என்பதும் பெரும்பாலும் அல்சைமர் நோயே என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. 1975-இல் வந்த 30 மதிப்பெண் கொண்ட சிறு மனநிலைச் சோதனை, மருத்துவர்கள் நோயாளியின் படுக்கையருகே அமர்ந்தே மறதியை அளக்க உதவியது. ஆனாலும் ஓர் இடைவெளி இருந்தது. உயிரோடு இருப்பவரிடம் மறதியை மட்டுமே அளக்க முடிந்தது. நோயை இறந்தபின் மட்டுமே காண முடிந்தது. இரண்டையும் ஒரே மனிதரிடம், ஒரே குழுவில், பல்லாண்டுக் காலம் பொருத்திப் பார்ப்பதற்கு வாய்ப்பு அமையவில்லை.

கன்னியரைத் தேர்ந்தெடுத்த காரணம்

நாட்டர் டாம் பள்ளிச் சகோதரிகள் சபை 1833-இல் பவேரியாவில் கரோலினா கெர்ஹார்டிங்கர் என்பவரால் நிறுவப்பட்டது. 1847-இல் அமெரிக்காவுக்குச் சென்ற சபை, ஜெர்மானியக் குடியேறிகளின் குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்தியது. சபையினரில் மிகப் பெரும்பாலோர் ஆசிரியைகள்.

நோய்ப்பரவலியலில் பெரும் தொல்லை, ஒப்பிட முடியாத வாழ்க்கைகளை ஒப்பிட நேர்வது. ஒருவர் புகைப்பார், மற்றவர் புகைக்கமாட்டார். ஒருவருக்கு நல்ல மருத்துவம் கிட்டும், மற்றவருக்குக் கிட்டாது. மறதிநோய்க்கு எது காரணம் என்று பிரித்தறிவது இதனால் கடினமாகிறது. கன்னியர் மடத்தில் இந்த வேறுபாடுகள் பெரும்பாலும் இல்லை. எல்லோருக்கும் ஒரே சமையலறை, ஒரே மருத்துவ வசதி, ஒத்த வருமானம். புகைப்பழக்கம் இல்லை, மணமும் மகப்பேறும் இல்லை. அப்படியிருந்தும் ஒருவர் தொண்ணூறு வயதில் தெளிவாகப் பாடம் நடத்துகிறார், அடுத்த அறையில் இருப்பவர் எழுபத்தைந்தில் தம் பெயரை மறக்கிறார். சூழலின் வேறுபாட்டைக் குறைத்துவிட்டால் எஞ்சும் காரணங்கள் பளிச்செனத் தெரியும் என்பதே ஸ்னோடனின் எண்ணம். இதே நோக்கில் அவர் முன்னர் செவந்த்-டே அட்வென்டிஸ்ட் சபையினரின் உடல்நலத்தையும் ஆராய்ந்திருந்தார்.

மினசோட்டாவின் மன்கேட்டோ நகரில் குன்றின்மேல் உள்ள மடத்தில் முதல் ஆய்வு நடந்தது. உயர்கல்வி பெற்ற சகோதரிகள், அதே மடத்தில் சமையலும் வெளுப்பும் கவனித்த குறைந்த கல்வியுடைய சகோதரிகளைவிட நீண்டகாலம் வாழ்ந்ததும், முதுமையிலும் பிறர் துணையின்றி இயங்கியதும் அதில் தெரிந்தது. உணவும் மருத்துவமும் ஒன்றாக இருந்தும் இந்த வேறுபாடு ஏன் என்ற கேள்விதான் அடுத்த கட்டத்துக்கு இட்டுச்சென்றது.

மூளைக் கொடை

மன்கேட்டோவோடு மில்வாக்கி, சிகாகோ, செயின்ட் லூயிஸ், பால்டிமோர், டல்லாஸ், கனெக்டிகட் மாநிலத்தின் வில்டன் ஆகிய இடங்களில் இருந்த மடங்களுக்கும் ஆய்வு விரிந்தது. 1917-க்கு முன் பிறந்த 1,027 சகோதரிகளிடம் வேண்டுகோள் வைக்கப்பட்டது. 678 பேர் இசைந்தனர். அதாவது மூவரில் இருவர். அனைவரும் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள்; நூறைக் கடந்தோரும் சிலர் இருந்தனர்.

இந்த எண்ணிக்கையின் அருமையைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இறந்தபின் கண்களைத் தருவதற்கே குடும்பங்கள் தயங்கும் உலகம் இது. உடல் முழுமையாக அடக்கம் செய்யப்பட வேண்டும் என்ற உணர்வு கிறித்தவர்களிடமும் ஆழமானது. மூளை என்பதோ 'நான்' என்ற உணர்வின் இருப்பிடமாகவே கருதப்படுவது. அதைக் கொடுக்க முன்வந்தோரில் பலர், பிள்ளை பெறாத தங்கள் வாழ்வின் இறுதிக் கற்பித்தலாக இதனைக் கருதினர் என்று அறிய முடிகிறது. வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்றவர்களுக்கு அந்த எண்ணம் இயல்பாகவே வந்திருக்கும்.

சோதனைகள் எளிமையானவை. பத்துச் சொற்களைப் படித்துக் காட்டிச் சில நிமிடம் கழித்துத் திரும்பச் சொல்லச் செய்தல், படங்களைப் பார்த்துப் பெயர் கூறுதல், ஒரு வகையைச் சேர்ந்த பெயர்களை ஒரு நிமிடத்தில் இயன்றவரை அடுக்குதல் முதலியன. அன்றாட வேலைகளும் சோதிக்கப்பட்டன: தொலைபேசியைப் பயன்படுத்துவது, மருந்துப் புட்டியில் உள்ள அளவைப் படிப்பது, கடிகாரம் பார்ப்பது, சில்லறை எண்ணுவது. ஒரு சகோதரி இறந்ததும் மூளை கென்டக்கிக்கு அனுப்பப்படும். நரம்பு நோயியல் அறிஞர் வில்லியம் மார்க்ஸ்பெரி, அவரது சோதனை மதிப்பெண்களை அறியாமலேயே மூளையை ஆராய்வார். முன்முடிவு கண்ணை மறைக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

1930-ஆம் ஆண்டின் தன்வரலாறுகள்

ஆய்வின் மிகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது அன்று. மடத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. 1930-ஆம் ஆண்டு செப்டம்பரில் சபையின் வட அமெரிக்கத் தலைமை அன்னை, இளஞ்சகோதரிகள் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைச் சுருக்கத்தை எழுதித் தர வேண்டும் என்று பணித்திருந்தார். 200 முதல் 300 சொற்களுக்குள், ஒரே தாளில் எழுத வேண்டும். பிறந்த ஊர், பெற்றோர், சிறுவயது நிகழ்ச்சிகள், படித்த பள்ளிகள், துறவறத்துக்கு ஈர்த்த காரணங்கள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். எழுதியவர்களுக்குச் சராசரி வயது 22.

கையெழுத்துப் படிகளாக எஞ்சியிருந்த 93 தன்வரலாறுகளை, பெரும்பாலும் மில்வாக்கி வட்டாரத்தைச் சேர்ந்தவற்றை, கான்சாஸ் பல்கலைக்கழக உளமொழியியல் அறிஞர் சூசன் கெம்பர் பகுத்தாய்ந்தார். ஒவ்வொன்றிலும் கடைசிப் பத்து வாக்கியங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவர் அளந்தவை இரண்டு. ஒன்று இலக்கணச் சிக்கல். மற்றது கருத்தடர்த்தி, அதாவது பத்துச் சொற்களுக்கு எத்தனை தனித்தனிக் கருத்துகள் உள்ளன என்ற கணக்கு.

கருத்தடர்த்தியை ஒரு தமிழ் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 'எங்கள் ஊர் ஒரு சிறிய ஊர். அந்த ஊரில் எங்கள் வீடு இருந்தது. அந்த வீட்டில் நான் பிறந்தேன்' என்று ஒரு மாணவி எழுதுகிறாள். 'மழைக்கு ஒழுகும் ஓட்டு வீட்டில், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாய், அப்பா கடனில் தவித்த ஆண்டில் பிறந்தேன்' என்று மற்றொருத்தி எழுதுகிறாள். சொல் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். முதலாவது எழுத்தில் பிழையில்லை, ஆனால் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது. இரண்டாவதில் வீட்டின் நிலை, குடும்பத்தின் அளவு, பிறப்பு வரிசை, தந்தையின் துயரம், அந்த ஆண்டின் நெருக்கடி எல்லாம் அடங்கிவிடுகின்றன. கட்டுரை நோட்டுகளைத் திருத்திப் பழகிய எவருக்கும் இவ்விரு வகை எழுத்தும் அறிமுகமானவையே.

தன்வரலாறு எழுதி ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பின் அதே பெண்கள் நினைவாற்றல் சோதனைகளை எழுதினர். இளமையில் கருத்தடர்த்தி குறைவாக இருந்தவர்கள் முதுமைச் சோதனைகளிலும் குறைந்த மதிப்பெண் பெற்றனர். அதுவரை இறந்திருந்த 14 பேரின் மூளையை ஆராய்ந்தபோது கிடைத்த முடிவு இன்னும் அதிர்ச்சியானது. இளமையில் கருத்தடர்த்தி குறைந்திருந்த அனைவரிடமும் அல்சைமர் நோய் உறுதியாயிற்று. மிகுந்திருந்தவர்களில் ஒருவரிடமும் இல்லை. இக்கட்டுரை 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது.

பேசப்பட்டதில் தவறான புரிதலும் கலந்திருந்தது. இருபது வயதில் கட்டுரை சரியாக எழுதாதவர்க்கு எண்பதில் மறதிநோய் உறுதி என்பதுபோல் செய்திகள் பரவின. 14 என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. மேலும், இந்த முடிவுக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. நோயின் மிக நுண்ணிய தொடக்கம் 22 வயதிலேயே மூளையில் நிகழ்ந்து, அது எழுத்தில் வெளிப்பட்டிருக்கலாம் என்பது ஒன்று. இளமையில் நன்கு வளர்ந்த மூளை, பிற்காலத்தில் நோயின் தாக்குதலைத் தாங்கும் இருப்பைச் சேர்த்துவைக்கிறது, கருத்தடர்த்தி அந்த இருப்பின் அளவுகோல் என்பது மற்றொன்று. முதல் விளக்கம் உண்மையானால் அது முன்னறிவிப்பு. இரண்டாவது உண்மையானால் அது பாதுகாப்பு. ஒரே தாளை வைத்து இரண்டையும் வாதிடலாம் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். 2005-இல் வெளியான தொடர் ஆய்வு, குறைந்த கருத்தடர்த்திக்கும் மூளைச் சுருக்கத்துக்கும் முடிச்சுகளின் பரவலுக்கும் தொடர்பு இருப்பதைப் பெரிய எண்ணிக்கையில் காட்டியது. எனினும் எது முதலில் வந்தது என்ற கேள்வியை அதுவும் தீர்த்துவைக்கவில்லை.

அதே தன்வரலாறுகளிலிருந்து வேறொரு முடிவும் கிடைத்தது. 180 சகோதரிகளின் எழுத்தில் மகிழ்ச்சி, நன்றி, ஆர்வம், அன்பு போன்ற உணர்ச்சிச் சொற்கள் எவ்வளவு வருகின்றன என்று எண்ணிய 2001-ஆம் ஆண்டு ஆய்வு, அத்தகைய சொற்கள் மிகக் குறைவாக இருந்த பிரிவினருக்கும் மிகுதியாக இருந்த பிரிவினருக்கும் இடையே இறப்பு அபாயத்தில் 2.5 மடங்கு வேறுபாடு இருந்ததைக் கண்டது.

நோய் இருந்தும் மறதி இல்லாதவர்கள்

ஆய்வு ஏடுகளில் 'சகோதரி மேரி' என்று குறிப்பிடப்படுபவர் 101 வயது வாழ்ந்தவர். எட்டாம் வகுப்புக் கல்வியோடு 19 வயதில் ஆசிரியையானார். கோடை விடுமுறைகளில் மட்டும் படித்து, 22 ஆண்டுகள் கழித்து, 41-ஆம் வயதில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றார். 77 வயதுவரை முழுநேரமும், 84 வரை பகுதிநேரமும் கற்பித்தார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புகூட 30-க்கு 27 மதிப்பெண் எடுத்தார். அவரது மூளையைத் திறந்து பார்த்தபோது திட்டுகளும் முடிச்சுகளும் மிகுந்து கிடந்தன. ஏட்டளவில் அவருக்கு அல்சைமர் நோய் இருந்தது, வாழ்வில் இல்லை.

முடிச்சுகள் மூளையில் எந்த வரிசையில் பரவுகின்றன என்பதை ஜெர்மனியின் ஹைகோ பிராக், ஈவா பிராக் இணையர் 1991-இல் ஆறு நிலைகளாக வகுத்திருந்தனர். 85 வயதில் மாரடைப்பால் இறந்த மற்றொரு சகோதரியின் மூளை, இறுதி நிலையான ஆறாம் நிலையில் இருந்தது. முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியையான அவர், கடைசிச் சோதனைவரை எந்தத் தடுமாற்றமும் காட்டவில்லை. இத்தகையோரின் நரம்பணுக்களை 2009-இல் ஆராய்ந்தபோது, அணுக்கருக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது தெரிந்தது. தாக்குதலுக்கு மூளை காட்டிய எதிர்வினையாக அது இருக்கலாம். இவர்களின் இளமைக்கால எழுத்திலும் கருத்தடர்த்தி மிகுந்திருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிறிதளவே பாதிப்பு இருந்தும் கடும் மறதிக்கு ஆளானவர்கள் இருந்தனர். 1997-இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. கல்லூரிக் கல்வி பெற்ற 102 சகோதரிகளின் மூளைகளில் 61 அல்சைமர் நோய்க்கான அளவுகோலை எட்டியிருந்தன. அவர்களுள், மூளையின் ஆழ்பகுதிகளில் இரத்த ஓட்டம் தடைபட்டு ஓரிரு சிறு புள்ளிகள் செயலிழந்திருந்தவர்களிடம் மறதிநோய் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. அல்சைமர் நோய் இல்லாதவர்களிடம் அதே சிறு தடைகள் பெரிய விளைவை ஏற்படுத்தவில்லை. ஆய்வு தந்த முடிவுகளில் நடைமுறைப் பயன் மிகுந்தது இதுவே எனலாம். திட்டுகளையும் முடிச்சுகளையும் கரைக்க அன்று மருந்தில்லை. ஆனால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்துச் சிறு பக்கவாதங்களைத் தடுக்க வழி இருந்தது, இன்றும் இருக்கிறது. கருத்தடர்த்தி பெற்ற புகழில் பாதிகூட இம்முடிவுக்குக் கிடைக்கவில்லை.

வரம்புகள்

பங்கேற்றோர் அனைவரும் பெண்கள், பெரும்பாலோர் வெள்ளையர், மிகப் பெரும்பாலோர் ஆசிரியைகள். சூழலை ஒன்றாக்கியதால் கிடைத்த தெளிவுக்குக் கொடுத்த விலை இது. எழுதப் படிக்கத் தெரியாத முதியோரிடம் கருத்தடர்த்தியை அளக்க இயலாது. வாக்கியம் எழுது, ஐங்கோணத்தைப் பார்த்து வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்று கேட்கும் 30 மதிப்பெண் சோதனையும் அவர்களுக்குப் பொருந்தாது. பள்ளி செல்லாதவர் நோயாளியாகக் கணக்கிடப்படும் ஆபத்து அதில் உண்டு. அரியானாவின் வல்லப்கர் வட்டாரத்தில் 1990-களில் நடந்த ஆய்வுக்காக இச்சோதனை எழுத்தறிவில்லாத இந்தி பேசுவோருக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. 1998-இல் கொச்சியில் உருவான 10/66 மறதிநோய் ஆய்வுக் குழு, கல்வி வேறுபாடு பாதிக்காத சோதனை முறையை வளர்த்து, சென்னை நகரிலும் வேலூர் ஊரகத்திலும் முதியோரிடையே ஆய்வு நடத்தியது. மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆராய்ச்சியில் 10 விழுக்காட்டுக்கும் குறைவே அவர்களைப் பற்றியது என்பதே அக்குழுவின் பெயருக்குப் பொருள்.

இன்றைய முன்னறிதலும் அருட்சகோதரிகளும்

இறந்தபின் மட்டுமே காண முடிந்ததை உயிருள்ளவரிடம் காணும் காலம் 2004-இல் வந்தது. பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் உருவாக்கிய கதிரியக்கச் சாயத்தைக் கொண்டு அமிலாய்டுத் திட்டுகளைப் பெட் ஸ்கேனில் பார்க்க முடிந்தது. பின்னர் தண்டுவட நீரிலும், அண்மையில் இரத்தத்திலும் அமிலாய்டு, டௌ புரதங்களை அளக்கும் முறைகள் வந்தன. 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய முதல் இரத்தப் பரிசோதனைக்கு அனுமதி அளித்தது. ஆனால் 55 வயதுக்கு மேற்பட்ட, ஏற்கெனவே அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டுமே.

அந்த 'மட்டுமே' என்னும் சொல்லில்தான் அருட்சகோதரிகள் ஆய்வின் பொருத்தம் இருக்கிறது. புரதம் மூளையில் படிந்திருந்தாலே அல்சைமர் நோய் என்று 2024-இல் அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் குழு வரையறுத்தது. அறிகுறி இல்லாதவரை நோயாளி என்று அழைப்பது தவறு, அவர் அபாயத்தில் உள்ளவர் மட்டுமே என்று பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று மறுத்தது. முதல் வரையறையின்படி சகோதரி மேரி நோயாளி. இரண்டாவதன்படி அவர் நலமாக வாழ்ந்து நலமாக இறந்தவர். எழுபது வயதில் இரத்தப் பரிசோதனையில் புரதம் மிகுந்திருப்பதாக அவரிடம் சொல்லியிருந்தால் அவர் தொடர்ந்து வகுப்புக்குச் சென்றிருப்பாரா, அச்சத்தில் ஒடுங்கியிருப்பாரா என்று கேட்பது வீண் ஊகம் அன்று. முன்னறிதல் பரவும் நாடுகளில் குடும்பங்கள் நாளை எதிர்கொள்ளப்போகும் கேள்வி அது. நோயின் தொடக்க நிலையில் தரப்படும் லெகானமாப் போன்ற மருந்துகள் வந்துவிட்டதால், முன்கூட்டி அறிவதன் பயனும் கூடியிருக்கிறது, அறிந்தபின் சுமக்க வேண்டியதும் கூடியிருக்கிறது.

ஸ்னோடன் 2001-இல் இவ்வாய்வைப் பற்றிப் பொதுமக்களுக்கான நூலொன்றை வெளியிட்டார். அவர் பணியிலிருந்து விலகியபின் ஆய்வு மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கே திரும்பியது. அண்மை ஆண்டுகளில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் உள்ள ஆய்வாளர்கள் இதனை வழிநடத்துகின்றனர். சகோதரிகளின் மூளைத் திசுச் சீவல்களைக் கணினிப் படங்களாக்கி, அவர்கள் காலத்தில் அறியப்படாத புரதங்களையும் பாதிப்புகளையும் அவற்றில் தேடும் பணி தொடர்கிறது.